மாவிட்டபுரத்து வாசலில் நின்ற நாத்திகர்கள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை எண்டு சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் "அப்ப நீங்கள் வேதமோ?" என்பதாகத்தான் இருக்கும். சைவம், இல்லாட்டில் வேதம். மூன்றாவதாக ஒரு பெட்டி எங்கட ஊர்க் கதையில் இல்லை. (முஸ்லிம்களைக்கூட அந்தக் கேள்வி மறந்துவிடுகிறது. அதுக்குப் பிறகு வருவோம்.)

இதை அறியாமை எண்டு சிரித்துவிட்டுப் போகிற நண்பர்கள் இருக்கினம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்கிறவருக்கு உங்கள் மனதில் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதில் பெரிய அக்கறை ஒன்றும் இல்லை. நீங்கள் ஆற்ற ஆக்கள், எந்தக் கோயிலடி, கலியாணம் எங்க நடக்கும், செத்தால் எந்தச் சுடலைக்குக் கொண்டு போவினம் எண்டதுதான் அவருக்குத் தெரிய வேணும். சமயம் இங்க ஒரு முகவரி. நம்பிக்கை என்பது அந்த முகவரிக்குள் இருக்கிற பல சாமான்களில் ஒன்று, அவ்வளவுதான்.

இதை விளங்கிக்கொள்ளாமல் நடக்கிற நாத்திக விவாதம் எனக்குச் சலித்துவிட்டது. முகநூலில் பாருங்கள். ஒரு பக்கம், கந்தசஷ்டி விரதம் பிடிக்கிற அம்மம்மாவைப் பகிடி பண்ணி மீம் போடுகிற பெடியள். மறுபக்கம், நடராசர் சிலைக்குள் அணு விஞ்ஞானம் இருக்கு எண்டு நிறுவுகிற அண்ணன்மார். நானூறு கருத்துகள், இருநூறு சிரிப்பு முகங்கள். கடவுள் அன்று இரவும் அதே இடத்தில்தான் இருப்பார், அல்லது இல்லாமல் இருப்பார். கோயில் நிர்வாக சபையும் அதே இடத்தில் இருக்கும்.

பகுத்தறிவு எங்களுக்குப் புதுசும் இல்லை, தமிழ்நாட்டில் இருந்து இறக்குமதியும் இல்லை. ஆபிரகாம் கோவூர் கேரளத்தில் ஒரு கிறிஸ்தவ மதகுருவின் மகனாகப் பிறந்தவர். 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் படிப்பிக்க வந்து, மிச்ச வாழ்நாள் முழுக்க இலங்கையிலேயே இருந்துவிட்டார். அவரைப் பைபிள் படிப்பிக்க விட்டதாகவும், பெறுபேறு நல்லா வந்தும் அடுத்த வருசம் அந்த வகுப்பைக் கொடுக்கவில்லை என்றும், பிள்ளைகளுக்குப் புள்ளி கூடினதோட விசுவாசம் குறைந்ததுதான் காரணம் என்றும் ஒரு கதை சொல்லுவினம். பிற்காலத்தில் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்து, அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபா எண்டு சவால் விட்டார். அந்தக் காலத்து ஒரு லட்சம். ஒருத்தரும் வெல்லவில்லை. அவருடைய ஆய்வுக் குறிப்பு ஒன்றை வைத்து 1973இல் 'மறுபிறவி' எண்டு தமிழ்ப் படமே எடுத்தார்கள். 1978இல் செத்தபோது உடலையும் மருத்துவப் படிப்புக்குக் கொடுத்துவிட்டார்.

கோவூரில் எனக்குப் பெரிய மரியாதை. பேய் பிடித்ததெண்டு அடி வாங்கின எத்தனையோ பெண்களை அவருடைய முறை காப்பாற்றியிருக்கும். ஆனால் அவருடைய ஆயுதம் மோசடியைப் பிடிக்கச் செய்த ஆயுதம். எங்கட கோயில் வாசலில் நடந்தது மோசடி இல்லை. எல்லாம் வெளிப்படையாக, பகல் வெளிச்சத்தில், சாத்திரம் சொல்லி நடந்தது.

1968ஐச் சொல்கிறேன். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலுக்குப் போன வருசம். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த சனம் உள்ளே போய்க் கும்பிட வேண்டும் எண்டு கேட்டு வாசலில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற அமைப்பு எது? சண்முகதாசன் தலைமையிலான, பீக்கிங் சார்பு எண்டு சொல்லப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சி. கே.ஏ.சுப்பிரமணியம், எஸ்.ரி.என்.நாகரத்தினம், எழுத்தாளர் கே.டானியல் போன்றவர்கள். கட்சித் தத்துவப்படி கடவுள் இல்லை. டானியல் என்கிற பெயரைப் பாருங்கள், அவருக்குச் சைவக் கோயிலோடு பிறப்பு வழியிலும் சம்பந்தம் இல்லை. இப்படிப்பட்டவர்கள்தான், முருகனை நம்புகிற சனத்தோடு, முருகன் கோயில் வாசலில் அடி வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

வாசலை மறித்து நின்றவர் ஆர் எண்டதும் முக்கியம். சி.சுந்தரலிங்கம் ஒக்ஸ்போர்டில் படித்தவர், கணிதப் பேராசிரியர், நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்தவர். பேய்க்கும் சாமியாருக்கும் பயந்த படிக்காத மனிசன் இல்லை. கணக்குத் தெரிந்த, சட்டம் தெரிந்த, ஆங்கிலம் தெரிந்த மனிசன். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர் மேல் வழக்குப் போட்டார்கள், குற்றவாளியாகக் காணப்பட்டார். அவர் விடவில்லை. லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் வரைக்கும் வழக்கைக் கொண்டு போனார். தமிழருக்கு எத்தனையோ குறை இருந்த காலத்தில், ஒரு பேராசிரியர் கடல் கடந்து போய் வாதாடத் துணிந்த உரிமை, இன்னொரு தமிழனைக் கோயிலுக்குள் விடாமல் இருக்கிற உரிமை.

அந்தக் காலத்தில் தோழர்களிடம் இரண்டு பக்கத்தாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்: கடவுள் இல்லை எண்டால் உங்களுக்குக் கோயிலில் என்ன அலுவல்? பழைய இடதுசாரி ஐயா ஒருவரிடம் இதை நானும் கேட்டிருக்கிறேன். அவர் தேத்தண்ணிக் கடையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். 1966 ஒக்டோபர் 21 ஊர்வலத்துக்குப் பிறகு கடைகளுக்குள் போய் எல்லாரையும் போலக் கிளாசில் தேத்தண்ணி கேட்ட போராட்டங்கள் அவருக்கு விரல் நுனியில் இருந்தன. "தம்பி, எனக்குத் தேத்தண்ணியும் பெரிசாப் பிடிக்காது" எண்டார்.

அவ்வளவுதான் விசயம். கோயில் வாசல், தேத்தண்ணிக் கடை வாங்கு, பள்ளிக்கூடத்துக் கதிரை, கிணறு, சுடலை. இவை பொது இடங்கள். அங்க ஆர் வரலாம், ஆர் வரக்கூடாது எண்டு கடவுள் பெயரில் ஒருவர் தீர்மானிக்கிறார் எண்டால், கடவுளை நம்பாதவனுக்கும் அங்க அலுவல் இருக்கு. யாழ்ப்பாணத்து நாத்திகம் உருப்படியாகச் செய்த வேலை இதுதான் என்பது என்னுடைய அபிப்பிராயம்.

எதிர்ப் பக்கத்துக்கும் நியாயமாக இருக்க வேண்டும். சமயம் எங்கட பொது வாழ்க்கைக்குள் வந்தது வெறும் மூடத்தனத்தால் இல்லை. 1621இல் போர்த்துக்கீசர் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் தேவாலயப் பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் கலியாணமும் காணியும் சிக்கல். ஆங்கிலேயர் காலத்தில் நல்ல பள்ளிக்கூடம் எண்டால் மிஷன் பள்ளிக்கூடம். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினபோது அது ஒரு சமயத்தின் சுயமரியாதைப் போராட்டம். அதே நாவலர் சாதி வரிசையை அசைக்க விரும்பவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் அவரை வாசிக்க வேண்டும். சிலை வைக்கிறவையும் சிலையைத் திட்டுகிறவையும் ஒவ்வொரு பாதியை எடுத்துக்கொண்டு போய்விடுகினம்.

போர்க் காலத்தில் குண்டு விழேக்க சனம் ஓடினது கோயிலுக்கும் தேவாலயத்துக்கும்தான். 1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த நூற்றுக்கு மேற்பட்ட சனம் விமானக் குண்டுவீச்சில் செத்தது. சைவமும் வேதமும் சேர்ந்தே செத்தது. காணாமல் போன மகனுக்காக வருசக்கணக்காக வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற ஒரு தாயிடம் போய்க் கடவுள் இல்லை எண்டு நிறுவுகிறவனுக்குப் பகுத்தறிவு இருக்கலாம், அறிவு இல்லை.

சரி, அப்ப சமயத்தை அப்படியே விட்டுவிடலாமா? 2018இல் வரணியில் ஒரு அம்மன் கோயில் தேரை மண் அள்ளுகிற இயந்திரத்தால் இழுத்த படம் எல்லாருடைய கைத்தொலைபேசிக்கும் வந்தது. வடம் பிடிக்க எல்லாச் சாதியையும் விட வேண்டி வரும் என்பதால் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் அப்போது எழுந்த குற்றச்சாட்டு. மாவிட்டபுரத்துக்கு 50 வருசம் கழித்து. இடையில் ஒரு போரே நடந்து முடிந்துவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்து நான் கண்டுகொண்டது இதுதான்: எங்கட சமூகம் தொழில்நுட்பத்துக்கு எதிரானது எண்டு இனி ஒருத்தரும் சொல்ல ஏலாது.

அந்த நேரம் எழும்பின குரல்களில் பக்தர்கள் நிறைய இருந்தார்கள். முகநூல் நாத்திகர்களில் பலர் அந்த வாரமும் புராணத்தில் விஞ்ஞானப் பிழை தேடிக்கொண்டு இருந்தார்கள். கோயிலில் நம்பிக்கை இல்லாததால் கோயில் விசயத்தில் கருத்து இல்லையாம். வசதியான நாத்திகம். சாதி விட்டுப் போகாமல் கடவுள் மட்டும் விட்டுப் போகிற நாத்திகம் இது. கலியாணப் பேச்சு வரேக்க பார்த்தால் தெரியும். கடவுள் மறுப்பாளருக்கும் குறிப்புப் பார்ப்பினம், 'எங்கட பகுதி'க்குள்ளதான் பார்ப்பினம்.

மாவிட்டபுரத்தில் இருந்து தையிட்டி சைக்கிளில் போகிற தூரம். இரண்டும் வலிகாமம் வடக்கு. சனத்தை இடம்பெயர வைத்துவிட்டு இராணுவம் வைத்திருந்த நிலத்தில், தங்கட தனியார் காணி எண்டு சனம் உறுதியோடு நிற்கிற இடத்தில், திஸ்ஸ விகாரை எழும்பி நிற்கிறது. 2023இல் இருந்து போயா நாட்களில் அங்க போராட்டம் நடக்கிறது. காணிக்காரர், அரசியல் கட்சிகள், கம்பஸ் மாணவர், எல்லாரும் போயிருக்கினம். நானும் போயிருக்கிறேன்.

அங்க நின்றுகொண்டு நாங்கள் என்ன வாதத்தை வைக்கிறோம் எண்டு யோசித்துப் பார்க்க வேண்டும். "இது சைவப் பூமி, இங்க விகாரை வரக்கூடாது" எண்டு ஒரு வாதம் இருக்கு. "அரசாங்கமும் இராணுவமும் ஒரு சமயத்துக்காக மற்றவனின்ர காணியைப் பிடிக்கக்கூடாது" எண்டு இன்னொரு வாதம் இருக்கு. கேட்கேக்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் வேற வேற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். இரண்டாவது வாதம் இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையை நேராகக் கேள்வி கேட்கிறது: பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்து, அதைப் பாதுகாத்து வளர்ப்பது அரசின் கடமை எண்டு எழுதி வைத்திருக்கிற உறுப்புரை அது. முதலாவது வாதம் அந்த உறுப்புரையோட சண்டை பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கு மட்டும் பெயரை மாற்றித் தா எண்டுதான் கேட்கிறது.

இது கற்பனைப் பயம் இல்லை. 2025 மே மாதம் நல்லூர்க் கோயிலுக்கு அண்மையில் அசைவமும் விற்கிற ஒரு கடை திறந்தபோது வந்த கொந்தளிப்பை நினைத்துப் பாருங்கள். கடைக்கு அனுமதிப்பத்திரம் இருக்கா இல்லையா என்பது மாநகரசபையின் சட்ட விசயம், அதைச் சட்டப்படி பார்க்கலாம். ஆனால் தெருவில் நடந்த கதை அனுமதிப்பத்திரம் பற்றியது இல்லை. இந்த நிலத்தின் குணம் என்ன, இங்க ஆர் எதைச் சாப்பிடலாம் எண்ட கதை அது. நல்லூரில் எனக்குப் பிடித்த விசயமும் இருக்கு: எவ்வளவு பெரிய மனிசனுக்கும் தனி மரியாதை இல்லை, அருச்சனை ஒரு ரூபா. அந்த ஒழுங்கு கோயில் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட ஒழுங்கு, அதைக் கேள்வி கேட்க நான் ஆர்? வீட்டு ஒழுங்கு வீதிக்கு வந்து, வீதியில் இருந்து மாநகரசபைக்குப் போய்ச் சட்டமாகக் கேட்கிற இடத்தில்தான் எனக்குப் பிரச்சினை. இதே பாணியில்தான் 2018இல் சாவகச்சேரியில் மாடு வெட்டுக்கு எதிராகச் சிவசேனை போராடினது. மாட்டிறைச்சிக் கடை ஆருடைய தொழில், ஆருடைய சாப்பாடு எண்டு எல்லாருக்கும் தெரியும்.

அந்த அடைப்புக்குறிக்குள் விட்ட கதைக்கு இப்ப வரலாம். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்த நேரம் மணிக்கணக்கு. தமிழ் பேசுகிற சனத்தை, அவர்களின் சமயத்தை மட்டும் பார்த்துப் பிரித்து, வீட்டையும் கடையையும் விட்டுப் போகச் சொன்னது அது. சோனகதெருவில் திரும்பி வந்து குடியிருக்கிறவர்கள் இன்னும் காணிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டு இருக்கினம். 'சைவப் பூமி' எண்டு சொல்லேக்க அந்தப் பூமிக்குள் இவர்கள் எங்க நிற்கிறார்கள் எண்டு சொல்லுகிறவர் ஒருக்கால் யோசித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

சமயச் சார்பின்மை எண்டால் உடனே "இது மேற்கத்தேயச் சரக்கு, தமிழ்த் தேசியத்தைப் பலவீனப்படுத்துகிற வேலை" எண்டு ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குச் சொந்த வரலாறு தெரியாது. 1976 மே 14ஆம் திகதி பண்ணாகத்தில் நிறைவேறின வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை எடுத்துப் பாருங்கள். கேட்டது சுதந்திர, இறைமையுள்ள, சமயச் சார்பற்ற, சோசலிசத் தமிழீழ அரசு. 'சமயச் சார்பற்ற' எண்ட சொல்லை அங்க போட்டது மேற்கு நாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றும் இல்லை. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கின செல்வநாயகம் கிறிஸ்தவர். பெரும்பான்மை சைவச் சனம் அவரைத் தந்தை எண்டு கூப்பிட்டது.

அதுக்கும் முன்னால், 1924இல் தொடங்கின மாணவர் காங்கிரஸ், பிறகு யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் எண்டு பெயர் பெற்றது. ஹன்டி பேரின்பநாயகமும் கூட்டாளிகளும் நாத்திகர்கள் இல்லை. சைவரும் கிறிஸ்தவரும் கலந்த கூட்டம் அது. 1927இல் காந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சம ஆசனம், சம போசனம் எண்டு கேட்டார்கள். சம ஆசனத்துக்கு எதிராகப் பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்த ஊர் இது, அதையும் மறக்க வேண்டாம். நம்பிக்கை வீட்டில், பொது இடத்தில் மனிசன் எண்டு நடந்துகாட்ட முடியும் எண்டதுக்கு எங்களிட்ட நூறு வருசப் பழைய உதாரணம் இருக்கு, அதுவும் எங்கட வயசுப் பெடியள் செய்தது.

ஆகவே நான் கேட்கிறது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. கோயில் விடிய 4 மணிக்கு ஸ்பீக்கர் போடுவதும் மதகு வழியே சிலை வைப்பதும் பற்றி எழுதலாம், அது எல்லாரும் எழுதுகிறது. எனக்கு முக்கியமாகப் படுகிறது பள்ளிக்கூடம். இலங்கையில் க.பொ.த. சாதாரண தரம் வரை சமயம் கட்டாயப் பாடம். பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம், இதில் ஒன்றைப் பிள்ளை எடுத்தே ஆக வேண்டும். அதே நாட்டின் அரசியலமைப்பு 10ஆம் உறுப்புரையில் ஒவ்வொருவருக்கும் சிந்தனைச் சுதந்திரம், மனச்சாட்சிச் சுதந்திரம், மதச் சுதந்திரம் இருக்கு எண்டு சொல்கிறது. மனச்சாட்சி இருக்கிற பிள்ளைக்கு அட்டவணையில் பாடம் இல்லை. நாவலர் காலத்தில் ஒரு சைவப் பிள்ளை படிக்க வேணும் எண்டால் பைபிள் வகுப்பில் இருந்தே ஆக வேணும் எண்டது அநியாயமாகப் பட்டது. அது அநியாயம்தான். இப்ப சமயமில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அதே நிலைமை, செய்கிறது மட்டும் மிஷன் இல்லை, கல்வி அமைச்சு. எல்லாச் சமயங்களின் வரலாற்றையும், சமயம் இல்லாதவர்களின் வரலாற்றையும் சொல்லித்தருகிற ஒரு பாடத்தை விருப்பத் தெரிவாக வைத்தால் ஒரு கோயிலின் கோபுரமும் சாயாது. தெற்கில் ஒரு சிங்களத் தகப்பனுக்கும் இது தேவைப்படும். 9ஆம் உறுப்புரையோட மோதுகிறதுக்கு அவனோட சேர்ந்து நிற்கக்கூடிய இடமும் இதுதான்.

இதைக் கேட்ட ஒரு ஆளை எனக்குத் தெரியும். மனிசனும் மனிசியும் இரண்டு சமயம், வீட்டில் ஒன்றையும் கடைப்பிடிக்கிறதில்லை. மகளுக்குச் சமயப் பாடம் வேண்டாம், அந்த நேரத்தில் நூலகத்தில் இருக்கட்டும் எண்டு பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதிபர் நல்ல மனிசன், கடிதத்தை இரண்டு தரம் வாசித்திருக்கிறார். சட்டத்தில் இடமில்லை எண்டு சொல்லிவிட்டு, குரலைத் தணித்து, "கடவுளை நம்பாட்டில் பரவாயில்லைத் தம்பி, 'ஏ' விழுகிற பாடத்தை விடாதேங்கோ" எண்டாராம். பிள்ளை சைவநெறி எடுத்தது. 'ஏ'தான் வந்தது.